மைசூர் மஞ்சள் கூடு ஆரணிக்கு வந்த வழி

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் கொட்டகைகளில் முதல் வேலை நிறம் ஏற்றுவது அல்ல. நூலில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தை இறக்குவதுதான். கோரா நூல் சிட்டம் சிட்டமாகக் கழியில் தொங்கும். கலப்பினக் கூட்டிலிருந்து வந்த நூல் என்றால் வெளிறிய மஞ்சள். தொட்டால் விறைப்பு, மினுமினுப்பு கிடையாது. சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்துக் கொதிக்கவைத்த அண்டாவில் அந்தச் சிட்டங்களை முக்கி, கழியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாக நுரைத்துவிடும். "மஞ்சள் எல்லாம் பசையோட போயிடும்ங்க" என்றார் கழி திருப்பிக்கொண்டிருந்தவர். அலசி எடுத்த நூல் வெள்ளையாக, வழுக்கிக்கொண்டு, வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடித்தது. நூறு கிராம் போட்டால் எழுபத்தைந்து கிராம் அளவுக்குத்தான் திரும்பிவரும். போனது செரிசின் என்னும் பசை. நின்றது ஃபைப்ராயின். புடவை என்று நாம் உடுத்துவது அந்த ஃபைப்ராயினைத்தான்.

அண்டாவில் கரைந்துபோகிற அந்த மஞ்சளுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அது முசுக்கொட்டை இலையில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமி. புழு இலையைத் தின்கிறது. நிறமி குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து பட்டுச் சுரப்பிக்குள் போய், பசையோடு கலந்து கூட்டில் படிகிறது. குடலிலிருந்து நிறமியைத் தூக்கிச் செல்ல ஒரு புரதம் வேண்டும். வெள்ளைக் கூடு கட்டும் இனங்களில் அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டிருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். மரபணுவின் ஒரு துண்டு இல்லாமல் போனதால் புரதம் உருவாவதில்லை. இரத்தம் வெளிறிப்போகிறது, கூடும் வெளுக்கிறது. அப்படியானால் மஞ்சள்தான் பழையது. வெள்ளை என்பது மனிதர் கண்ணுக்குப் பிடித்துப்போய்ப் பேணிக்கொண்ட ஒரு பழுது. கலப்பின நூலில் தெரியும் அந்த மஞ்சள் அதன் தாய்வழிச் சொத்து. அந்தத் தாயின் பெயர் பியூர் மைசூர்.

ஆரணியில் பட்டுப்புழு வளர்ப்பு பெரிய தொழில் இல்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரும் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களும் நெய்யும் ஊர்கள். நூல் வெளியிலிருந்து வரவேண்டும். சிட்லகட்டாவிலிருந்தும் ராமநகரத்திலிருந்தும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூட்டிலிருந்து இழுத்த நூலும் வரும். கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காஞ்சிபுரத்து அண்ணா பட்டுப் பரிவர்த்தனை நிலையம் ஒரு வழி. நெசவாளி நூலை இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறார். பாவுக்குத் தாங்குமா? ஊடைக்கு ஒத்துவருமா? பாவு இழை ஆயிரக்கணக்கில் அச்சுக்குள் இழுபட்டு உரசிக்கொண்டே இருப்பது. மெலிந்த இடம் ஒன்று இருந்தாலும் அறுந்து, தறியை நிறுத்தி முடிபோட வைக்கும். அதனால் பாவுக்குச் சீரான நூலாகத் தேடுகிறார். ஊடைக்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். அந்தச் சீர்மை புழுவின் இனத்திலிருந்தே தொடங்குகிறது என்பது கடையில் நூல் நிறுக்கும்போது யாரும் பேசாத விஷயம். நான் பேச வந்தது அதைத்தான்.

பியூர் மைசூர் கூட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். இரு முனையும் கூர்ந்து, இளம்பச்சை கலந்த மஞ்சளில், ஏறத்தாழ ஒரு கிராம் எடையில் சின்னதாக இருக்கும். இழுத்தால் நானூறு மீட்டர் இழை வருவதே பெரிது. வெண்பட்டு இனக் கூட்டிலோ ஆயிரம் மீட்டருக்கு மேல் அறாமல் வரும். பிறகு எதற்கு இந்த மைசூர் இனத்தை இன்னும் வளர்க்கிறார்கள்? தென்னிந்திய வெயிலையும் நோயையும் அது தாங்குகிறது என்பது முதல் பதில். இரண்டாவது பதில் இன்னும் சுவையானது. பட்டுப்பூச்சியின் முட்டை உடனே பொரிக்குமா, மாதக்கணக்கில் உறங்குமா என்பதை முட்டையிட்ட தாய்தான் தீர்மானிக்கிறது. வெண்பட்டுத் தாயின் முட்டை உறங்கும். எழுப்ப ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கவேண்டும். மைசூர்த் தாயின் முட்டை பத்து நாளில் தானாகப் பொரித்துவிடும். ஆகவே தாய் மைசூர், தகப்பன் வெண்பட்டு என்று சேர்த்தால், பிள்ளையின் கூட்டில் தகப்பனின் நீளமும் தாயின் பொறுமையும் சேர்கின்றன. இன்று தகப்பனாக அதிகம் இருப்பது மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய சி.எஸ்.ஆர். 2. அதற்கு முன் பல்லாண்டு அந்த இடத்தில் என்.பி.4டி2 இருந்தது.

தகப்பன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தாய் மாறவில்லை.

அந்தத் தாயின் பூர்வீகத்துக்குப் போகவேண்டும் என்றால் சீனத்துக்குப் போகவேண்டும். அங்கே முசுக்கொட்டைத் தோட்டங்களில் இன்றும் ஒரு காட்டுப் பூச்சி பறக்கிறது. பழுப்பு நிறம், பறக்கத் தெரிந்த இறக்கை, சிறிய கூடு; பெயர் பாம்பிக்ஸ் மாண்டரினா. வீட்டுப் பட்டுப்பூச்சியோ வெள்ளை உடம்போடு, பறக்க முடியாமல், ஆண் பெண்ணைத் தேடி ஊர்ந்து போகிற அளவுக்கு மனிதரை நம்பிவிட்டது. காட்டுப் பூச்சி ஜப்பானிலும் உண்டு. இரண்டில் எது மூதாதை? ஜப்பானியக் காட்டுப் பூச்சிக்கு 27 இணைக் குரோமோசோம், சீனக் காட்டுப் பூச்சிக்கு 28. வீட்டுப் பூச்சிக்கும் 28. ஹைதராபாத் டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையத்தில் ஜே. நாகராஜு குழுவினர் 2006இல் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, வீட்டுப் பூச்சி சீனக் காட்டுப் பூச்சியிலிருந்து வந்ததே என்று கணக்கைத் தெளிவாக்கினார்கள்.

ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழக்கம் இது. சீனர்கள் முட்டையை எல்லை தாண்டவிடாமல் காத்தது, பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனுக்காகத் துறவிகள் 6ஆம் நூற்றாண்டில் முட்டையை ஒளித்துக் கொண்டுவந்தது எல்லாம் பலர் அறிந்த கதை. நமக்கு வேண்டிய கிளை தெற்கே வந்த கிளை. வெப்பமான ஊர்களுக்கு இறங்கிய புழுக்கள் குளிர்கால உறக்கத்தை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஐந்தாறு தலைமுறை என்று ஓடத் தொடங்கின. வங்கத்தின் நிஸ்தாரி அப்படிப்பட்டது. வட கிழக்கின் சாருபத், மோரியா அப்படிப்பட்டவை. 1780களில் திப்பு சுல்தான் மைசூரில் பட்டுத் தொழிலைத் தொடங்க முனைந்தபோது வங்கத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் புழு வரவழைக்க ஆள் அனுப்பினார். மஸ்கட்டில் இருந்த தன் முகவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. போர்க்காலத்து மன்னர் ஒருவர் புழுவுக்காகக் கடிதம் எழுதினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் மதிப்பு குறையவில்லை.

திப்பு போனார், புழு தங்கிவிட்டது. 1860களில் பெப்ரின் நோய் ஐரோப்பாவின் பட்டுத் தொழிலையே சாய்த்தபோது, பிரான்சின் அலேஸ் ஊருக்கு 1865இல் போன லூயி பாஸ்டர் ஒரு முறையைக் கண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அவள் இட்ட முட்டைகளை அழித்துவிடுவது. இன்றும் நம்மூர் முட்டை உற்பத்தி நிலையங்களில் அதேதான் நடக்கிறது. "நோயற்ற முட்டைத் தொகுதி" என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. ஒரு தொகுதியில் நானூறு, ஐந்நூறு முட்டை. 1890களின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்து ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்தார். 1920களில் மைசூர் அரசு ஜப்பானியர் துணையோடு உள்ளூர்த் தாய்க்கு வெளிநாட்டுத் தகப்பனைச் சேர்க்கும் முறையை விவசாயியின் வீட்டுக்கே கொண்டுபோனது. கலப்பின நூலின் மரபு அன்றிலிருந்து தொடர்வதுதான்.

எழுபது ஆண்டு போல இந்தச் சேர்க்கை கண் மதிப்பிலேயே நடந்தது. கூட்டின் எடை, இழையின் நீளம், புழுவின் மேல் உள்ள புள்ளி, நோய் தாங்கும் திறன். இவை எல்லாம் வெயிலுக்கும் இலைக்கும் தக்கபடி மாறுபவை. ஒரே தொகுதியைக் கோடையில் வளர்த்தால் ஒரு எடை, மழையில் வளர்த்தால் ஒரு எடை. இரண்டு இனங்கள் உண்மையிலேயே எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை இலையும் வெயிலும் மாற்ற முடியாத ஏதாவது ஒன்றைக் கொண்டு அளக்கவேண்டும். டி.என்.ஏ. குறிகள் அதற்குத்தான் வந்தன.

இங்கே ஒரு பாம்பு குறுக்கிடுகிறது. லால்ஜி சிங் என்ற விஞ்ஞானி பட்டைக் கட்டுவிரியனின் பெண் பாலினக் குரோமோசோமை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு வரிசையைக் கண்டெடுத்தார். பி.கே.எம். என்று அதற்குப் பெயர். அந்த வரிசை பாம்போடு நிற்காமல் மனிதர் உட்படப் பல உயிர்களிலும் சிதறிக்கிடந்தது. ஆளுக்கு ஆள் வேறு வேறு ரேகை காட்டியது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அவர் அதை வைத்தே இந்தியாவின் டி.என்.ஏ. ரேகைச் சோதனையை உருவாக்கினார். ஸ்ரீபெரும்புதூரில் 1991இல் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அந்தச் சோதனை பயன்பட்டது. அதே கட்டுவிரியன் வரிசையை நாகராஜுவும் லால்ஜி சிங்கும் சேர்ந்து பட்டுப்புழுவின் டி.என்.ஏ.மேல் வைத்துப் பார்த்தார்கள். புழு இனங்களும் தங்கள் ரேகையைக் காட்டின. 1995இல் அது வெளிவந்தது.

அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வந்தது. நாகராஜா, நாகராஜு இருவரும் 13 இனங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறு இனங்கள் முட்டையில் உறங்குபவை: என்.பி.4டி2, என்.பி.18, என்.பி.7 போன்றவை. ஏழு உறங்காதவை: பியூர் மைசூர், ஹொச மைசூர், நிஸ்தாரி, சாருபத், மோரியா, சி. நிச்சி, குங்னாங். பத்து எழுத்து நீளமுள்ள சிறு டி.என்.ஏ. துண்டுகளை எந்த முன்தீர்மானமும் இல்லாமல் எடுத்து, அவை புழுவின் மரபுத்தொகுதியில் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்கு நடுவே உள்ள பகுதிகளைப் பி.சி.ஆர். மூலம் பெருக்கினார்கள்.

அந்தச் சோதனையின் கடைசிக் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரிதல் எளிது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் கூழை ஒரு தட்டில் ஊற்றி உறையவைக்கிறார்கள். ஒரு ஓரத்தில் சீப்பு வைத்து எடுத்த சிறு குழிகள். குழிக்கு ஒரு இனம். நீலச் சாயம் கலந்த ஒரு துளி. மின்சாரம் பாய்ச்சினால் டி.என்.ஏ. கூழுக்குள் ஊர்ந்து போகும். சின்னத் துண்டு விரைந்து முன்னே போகும், பெரிய துண்டு பின்தங்கும். புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு குழியின் கீழும் ஆரஞ்சு நிறக் கோடுகள் அடுக்கடுக்காக நிற்கும். இந்தக் கோடு மைசூரில் இருக்கிறது, என்.பி.18இல் இல்லை. அந்தக் கோடு நிஸ்தாரியிலும் சாருபத்திலும் இருக்கிறது, மற்றதில் இல்லை. இருப்பதை 1 என்றும் இல்லாததை 0 என்றும் எழுதிக்கொண்டே போய், எத்தனை கோடு பொது, எத்தனை வேறு என்று கணக்கிட்டு உறவு மரம் வரைகிறார்கள்.

மரம் இரண்டே கிளையாகப் பிரிந்தது. உறங்கும் ஆறும் ஒரு பக்கம், உறங்காத ஏழும் ஒரு பக்கம். எந்தக் கூட்டு எடையையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை; டி.என்.ஏ. கோடுகள் தாமாகவே அந்தப் பிரிவைச் சொல்லின. மைசூரும் வங்கமும் வடகிழக்கும் ஆளுக்கொரு திக்கில் இருந்தாலும், வெப்பநாட்டுப் புழுக்கள் என்ற வகையில் அவை ஒரு குடும்பம். கலப்பினத்தில் தாயும் தகப்பனும் எவ்வளவு விலகியிருக்கிறார்களோ, பிள்ளையின் வீரியம் அந்த அளவுக்குக் கூடும் என்பது வளர்ப்பாளர்களின் நெடுநாள் அனுபவம். 1920களில் கண் மதிப்பில் போட்ட சேர்க்கை உறவு மரத்தின் இரண்டு எதிர்முனைகளைச் சேர்த்திருந்தது என்பது 1995இல்தான் கோடு கோடாகத் தெரிந்தது.

1999இல் அதே குழு இன்னும் கூர்மையான கருவிக்கு மாறியது. மைக்ரோசாட்டிலைட் என்பவை இரண்டு மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் இடங்கள். ஒரே கட்டம் புடவைக் கரையில் இத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுவதுபோல, ஒரு இனத்தில் பன்னிரண்டு முறை, இன்னொன்றில் பத்தொன்பது முறை என்று எண்ணிச் சொல்லலாம். பட்டுப்புழுவில் அப்படி 15 இடங்களை எடுத்து அதே 13 இனங்களில் எண்ணிப் பார்த்தார்கள். சில இடங்களில் மூன்று விதம்தான். சில இடங்களில் பதினேழு விதம்வரை இருந்தன. இதில் இன்னொரு வசதி, தாயிடமிருந்து வந்த எண்ணும் தகப்பனிடமிருந்து வந்த எண்ணும் பிள்ளையில் இரண்டு கோடாகச் சேர்ந்தே தெரியும். விற்கப்படும் முட்டை உண்மையான கலப்பினமா, இல்லை கலப்பினத்துக்குள்ளேயே சேர்ந்து பிறந்த இரண்டாம் தலைமுறையா என்று சொல்லிவிடலாம். நாகராஜு பிற்பாடு பாசுமதி அரிசியில் கலப்படம் கண்டுபிடிக்கவும் டி.என்.ஏ. குறிகளைப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லவேண்டும். 2012இல் அவர் காலமானார். ஆரணியில் அவர் பெயர் தெரிந்தவர் அநேகமாக இல்லை, தெரிந்திருக்கவேண்டிய பெயர்.

உலகம் அதற்குள் முழு மரபுத்தொகுதியைப் படிக்கத் தொடங்கிவிட்டது. 2004இல் சீனமும் ஜப்பானும் தனித்தனியே வரைவு வெளியிட்டன. 2009இல் சீன ஆய்வாளர்கள் 29 வீட்டு இனங்களையும் 11 காட்டுப் பூச்சிகளையும் சேர்த்து 40 மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டார்கள். மனிதர் தேர்வு செய்ததால் மாறியிருக்கலாம் என்று 354 மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். பட்டுச் சுரப்பியோடும் இனப்பெருக்கத்தோடும் தொடர்புள்ளவை அவற்றில் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் என்னை உட்காரவைத்த எண் வேறு. ஐயாயிரம் ஆண்டு கூண்டுக்குள் வளர்ந்தும், காட்டுப் பூச்சியில் உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 83 விழுக்காடு வீட்டுப் பூச்சிகளிடம் மொத்தமாக இன்னும் இருக்கிறது. மிகப் பெரிய எண்ணிக்கையில் புழு எடுத்துப் பழக்கினார்கள் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த "மொத்தமாக" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். அது எந்த ஒரு இனத்துக்குள்ளும் முழுதாக இல்லை. சீனத்து இனத்தில் கொஞ்சம், ஜப்பானில் கொஞ்சம், வங்கத்தில் கொஞ்சம், மைசூரில் கொஞ்சம் என்று சிதறிக்கிடக்கிறது. ஒரு இனம் போனால் அதன் பங்கு போய்விடும். 2022இல் சீனத்தின் தென்மேற்குப் பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களின் மரபுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். படித்து வைத்தது எழுத்து. புழுவை உயிரோடு வைத்திருப்பது தனி வேலை.

இந்த வேலையின் ஒரு முக்கிய இடம் ஆரணியிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தொலைவில், ஓசூரில் இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் மத்திய பட்டு மரபுவள மையம் அது. நானூறுக்கு மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முசுக்கொட்டை வகைகளும் அங்கே பேணப்படுகின்றன. நெல்லுக்கு விதை வங்கி வைப்பது ஒப்பீட்டில் சுலபம். உலர்த்தி, குளிரவைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பட்டுப்புழு முட்டைக்கு அந்த வசதி இல்லை. உறங்கும் இனமே குளிர் அறையில் மாதக்கணக்கில்தான் தாங்கும். ஆண்டுதோறும் ஒரு முறையாவது பொரிக்கவைத்து, இலை போட்டு, கூடு கட்டவைத்து, புதிய முட்டை எடுக்கவேண்டும். மைசூர் போன்ற உறங்காத இனத்தை ஆண்டுக்குப் பல முறை வளர்த்தே ஆகவேண்டும். ஒரு முறை தவறினால் அந்த இனம் அத்தோடு முடிந்தது. இத்தனை இனத்தை ஒன்றோடொன்று கலக்காமல், தட்டுத் தட்டாகப் பிரித்து, காலையும் மாலையும் இலை நறுக்கிப் போடுகிறவர்களின் உழைப்பு எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வராது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில தொகுதிகளை மட்டும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், அண்ணன் தங்கை சேர்க்கை தவிர்க்க முடியாததாகிவிடும். எந்தத் தேர்வும் இல்லாமல், வெறும் சின்னக் கூட்டம் என்பதாலேயே, சில வேறுபாடுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் உதிரும். வெளியே கூடு அதே மஞ்சள், அதே எடை, உள்ளே வறுமை. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை மைக்ரோசாட்டிலைட் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். போன முறை ஒரு இடத்தில் ஆறு விதம் இருந்தது, இந்த முறை நான்கு என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

இலையின் கதை இதைவிட இறுக்கமானது. தென்னிந்தியத் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் வி1 முசுக்கொட்டை நிற்கிறது. 1990களின் இறுதியில் மைசூரிலிருந்து வந்த அருமையான வகை. இலை தடிப்பு, விளைச்சல் அதிகம். அது குச்சி நட்டு வளர்ப்பது. ஓசூரில் நிற்கும் வி1உம் தருமபுரியில் நிற்கும் வி1உம் மரபில் ஒரே செடிதான். நாளை ஒரு நோய் அந்தச் செடிக்குப் பழகிக்கொண்டால் ஒதுங்க இடம் இருக்காது. ஆயிரம் வகைகளை ஓசூரில் நட்டு வைத்திருப்பதன் காரணம் அதுதான்.

வேறுபாடு சுருங்கிப்போனால் எப்படியிருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அசாமின் முகா பட்டு இந்தியாவின் வடகிழக்கைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பொன்னிறம் அதன் இழையிலேயே ஊறியது. அந்தப் பூச்சி பாதி காடு, பாதி வீடு. மரத்தில் விட்டு வளர்ப்பார்கள். நாகராஜு குழுவினர் ஆறு இடங்களிலிருந்து 97 பூச்சிகளை எடுத்து, 13 மைக்ரோசாட்டிலைட் இடங்களில் எண்ணிப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து கூட்டங்களுக்கு நடுவில் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. ஊர் வேறு, பூச்சி ஒன்று என்பதுபோல எல்லாம் ஒரே கூட்டத்திலிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. ஆறாவது கூட்டம் மேகாலயாவின் மேற்குக் காரோ மலையிலிருந்து வந்தது. அதில் வேறுபாடு குவிந்து கிடந்தது. மற்ற ஐந்திலிருந்தும் அது தெளிவாகத் தள்ளி நின்றது. முகாவை வளர்க்கும் ஊர்களுக்கு நாளை ஒரு புதிய திறன் தேவைப்பட்டால், தேடிப்போகவேண்டிய மலை எது என்பதை 13 குறிகள் சொல்லிவிட்டன. இதைவிடப் பயனுள்ள வரைபடம் ஒரு தொழிலுக்குக் கிடைப்பது அரிது.

முசுக்கொட்டைப் பட்டுக்கு நம்மிடம் காரோ மலை இல்லை. நம்மிடம் இருப்பது மைசூரும் நிஸ்தாரியும் அவற்றின் உறவுகளும்தான். அவற்றின் மேல் இப்போது ஒரு நெருக்கடி இருக்கிறது. சந்தை வெண்பட்டை நோக்கி நகர்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. ஒரு கிலோ நூல் இழுக்கக் கலப்பினக் கூடு ஏழெட்டுக் கிலோ வேண்டும், வெண்பட்டுக் கூடு ஆறு கிலோ போதும். நூல் சீராக இருக்கிறது, பாவில் அறுவது குறைகிறது. சீனத்துக் கச்சாப் பட்டு மலிந்து வந்து, 2003இல் அதன்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடவேண்டி வந்த காலத்தில், ஆரணியும் காஞ்சியும் சீன நூலின் சீர்மைக்குப் பழகிவிட்டன. அந்தத் தரத்தில் உள்நாட்டு நூல் வேண்டும் என்று நெசவாளி கேட்பது அவருடைய உரிமை. தமிழ்நாட்டு விவசாயிகள் வெண்பட்டில் முன்னணிக்கு வந்ததும் பெருமைதான். ஆனால் வெண்பட்டு இனங்கள் பெரும்பாலும் ஜப்பானிய, சீனச் சரக்கைச் சேர்த்துச் சேர்த்து எடுத்தவை. உறவு மரத்தின் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்பவை. வெயில் கூடிக்கொண்டே போகும் ஒரு நூற்றாண்டில் வெப்பம் தாங்கும் குணத்தை அவற்றுக்குள் கொண்டுவரவேண்டுமானால், மறுபக்கக் கிளையிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்தக் கிளை அதுவரை உயிரோடு இருக்கவேண்டும்.

மைசூர்த் தாயை இன்றும் பரிசோதனைச் சாலைக்கு வெளியே பெருமளவில் காப்பாற்றிவருபவர்கள் கர்நாடகத்தின் குனிகல், மாகடிப் பக்கத்து விவசாயிகள். விதைக்கூட்டுப் பகுதி என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே மைசூர் தவிர வேறு இனம் வளர்ப்பதில்லை. அவர்கள் கூடு நூலுக்குப் போகாது, முட்டைக்குப் போகும். கலப்பினத் தேவை குறையக் குறைய அவர்களுடைய வருமானமும் குறையும். அவர்கள் தக்காளிக்கோ ராகிக்கோ மாறினால், இருநூறு ஆண்டுகளாகப் பெருங்கூட்டமாக ஓடிவந்த இனம் ஓசூர்த் தட்டுகளில் மட்டும் சுருங்கிவிடும். எனக்குத் தோன்றுவது இதுதான்: விதைக்கூட்டு விலையைச் சந்தைத் தேவையோடு கட்டாமல், மரபுவளப் பேணுதலுக்கான கூலியாக வைத்துக் கொடுக்கவேண்டும். கூடவே, பெப்ரின் பார்க்க எப்படியும் தாய்ப்பூச்சியை அரைக்கிறார்கள். அதே பூச்சிகளில் சிலவற்றின் ஒரு காலைத் தனியே எடுத்து வைத்தால் டி.என்.ஏ.வுக்குப் போதும். பதினைந்து குறிகளை ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பதிந்து வந்தால், மைசூர் இனம் உள்ளுக்குள் சுருங்குகிறதா என்பது கூட்டின் எடையில் தெரிவதற்குப் பல தலைமுறை முன்னமே குனிகல்லுக்கும் ஓசூருக்கும் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஐந்தாறு தலைமுறை ஓடும் புழுவில் அது சரிசெய்யக் கிடைக்கும் இரண்டு மூன்று ஆண்டு.